தன் கையே தனக்கு உதவி

புத்தகக் கடைகளிலும் புகைவண்டி நிலையங்களிலும் மிகுதியாக விலைபோகும் நூல்களுள் ஒருவகை, வாழ்க்கையில் வெற்றி பெறும் வழியைக் கூறுவன. எண்ணியதை எய்துவது எப்படி, செல்வம் சேர்ப்பது எப்படி, அச்சத்தை அகற்றுவது எப்படி என்றெல்லாம் அவை வழி காட்டுகின்றன. இளைஞர் அவற்றை விரும்பிப் படிக்கின்றனர். படித்துச் சில நாள் ஊக்கமும் கொள்கின்றனர். இவ்வகை நூல்களுள் மூத்ததும் பெரும்புகழ் பெற்றதுமாகிய ஒன்று 1859ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வெளிவந்தது. 'செல்ஃப் ஹெல்ப்' என்பது அதன் பெயர். 'தன் கையே தனக்கு உதவி' என்னும் நம் பழமொழியே அப்பெயரின் பொருளாகும். அதனை இயற்றியவர் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பார். அந்நூலில் அடங்கிய வரலாறுகள் பல. அந்நூல் பிறந்த வரலாறோ அவற்றினும் சுவையுடையது.

ஸ்மைல்ஸ் 1812ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டில் ஹாடிங்டன் என்னும் ஊரிற் பிறந்தார், மருத்துவம் பயின்றார், பின்னர் அத்தொழிலை விட்டு, வட இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ் நகரத்திற் செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியரானார். லீட்ஸ் ஆலைகள் நிறைந்த நகரம். அங்கே மிக எளிய நிலையிலிருந்த இளைஞர் இரண்டு மூன்று பேர், குளிர்கால மாலைகளில் ஒருங்கு கூடித் தமக்குத் தெரிந்ததை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தனர். ஆசிரியரை அமர்த்தப் பொருளில்லை. ஆதலால் தாமே ஆசிரியரும் மாணவரும் ஆயினர்.

முதலில் அவர்களுள் ஒருவனது சிறு வீட்டின் அறையிலே கூடினர். மேலும் பலர் வந்து சேரவே, அறை இடம் கொள்ளவில்லை. கோடை வந்ததும் தோட்டத்துக்குப் பெயர்ந்தனர். அங்கே பலகையால் அமைந்த சிறு குடில் ஒன்று இருந்தது. அதனைச் சூழ்ந்து வெட்டவெளியில் அமர்ந்து கணக்குப் போட்டனர். திடீரென்று மழை பெய்தால், பலகையில் எழுதிய கணக்கெல்லாம் கரைந்தோடும். அன்றைய பாடமும் அத்துடன் கலையும். மீண்டும் குளிர்காலம் வந்தபோது அவர்கள் தொகை மிகப் பெருகியிருந்தது. பெரிய இடம் ஒன்று வேண்டும். வாடகையோ குறைவாக இருத்தல் வேண்டும். அவ்வாறு ஓர் இடம் கிடைத்தது. முன்பு வாந்திபேதிக் கொள்ளைநோய் பரவிய காலத்தில் நோயாளரைக் கிடத்திய கூடம் அது. நோய் இன்னும் சுவரில் ஒட்டியிருப்பதுபோல் அஞ்சி ஒருவரும் அதனைக் குடிக்கூலிக்குக் கொள்ளவில்லை. அவ்விளைஞர் அஞ்சவில்லை, வாரக் கூலி பேசி அக்கூடத்தை எடுத்து, விளக்கேற்றிப் பாடம் தொடங்கினர். ஓரளவு கற்றவர் கல்லாதவர்க்குக் கற்பித்தனர். கற்பிக்கும்போதே தாமும் கற்றனர். எழுத்தும் எண்ணும் தொடங்கி, நிலநூல், வேதியியல், பிறமொழிகள் என விரிந்தது அவர்கள் கல்வி. ஏறக்குறைய நூறு பேர் அங்கே கூடினர்.

அந்த நூற்றுவர் ஒரு நாள் ஸ்மைல்ஸை அணுகித் தமக்குச் சொற்பொழிவாற்ற வேண்டினர். 1845ஆம் ஆண்டில் அவர் அக்கூடத்தில் பேசினார். தம் முயற்சியால் உயர்ந்தோர் பலருடைய வரலாறுகளை எடுத்துரைத்தார். சில ஆண்டுகள் கழிந்தபின், ஒரு மாலையில், இரும்பு வார்க்கும் பட்டறையிலிருந்து நேரே வந்தவன்போல் ஓர் இளைஞன் அவரது அலுவலகத்தை நாடி வந்தான். தான் இப்பொழுது பலருக்கு வேலை கொடுக்கும் முதலாளி என்றும், அன்று அக்கூடத்திற் கேட்ட சொற்களை நன்றியோடு நினைக்கின்றேன் என்றும் கூறினான். அந்நிகழ்ச்சியால் ஊக்கம் பெற்று ஸ்மைல்ஸ் தம் சொற்பொழிவுகளை நூலாக விரித்தெழுதினார். முதலிற் பதிப்பாளர் ஒருவர் அதனை வெளியிட மறுத்ததும் உண்டு. வெளிவந்த முதல் ஆண்டிலேயே 20,000 படிகள் விற்றன. 1871இல் நகமுரா மசனாவோ என்பார் அதனை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். அந்நாட்டிலும் அது பெரும் புகழ் பெற்றது.

மாணவர்களே, இவ்வரலாற்றைச் சற்றே ஊன்றிப் பாருங்கள். பெயரோ 'தன் கை'. அந்நூலைத் தந்ததோ நூறு பேர் கை. ஒருவன் பலகை பிடிக்க மற்றொருவன் கணக்கெழுதிய கூட்டுறவிலிருந்தே அந்நூல் தோன்றியது. தன்னலத்தைப் புகழும் நூல் என்று சிலர் அதனைப் பிழைபடக் கருதியபோது, ஸ்மைல்ஸ் 1866ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அப்பெயருக்காக வருந்தி எழுதினார். தமக்கு உதவும் கடமையில் அயலார்க்கு உதவுவதும் அடங்கும் என்பது அவர் கருத்து.

இன்னும் ஒன்று. நன்றி கூற வந்தவன் ஒருவன். மற்றத் தொண்ணூற்றொன்பது பேர் என்ன ஆயினர்? மழையில் அழிந்த கணக்கை மீண்டும் எழுதியவர் அவர்களுந்தாமே! அவர்களுட் சிலர் பகலெல்லாம் ஆலையில் உழைத்து இறுதிவரை கூலிக்காரராகவே இருந்திருக்கலாம். முயற்சி குறைந்ததால் அவர்கள் தாழ்ந்தனர் என்று எவர் துணிந்து கூறுவார்? வெற்றி பெற்றவன் வரலாற்றை மட்டும் எழுதி, 'இவனைப்போல் முயன்றால் இவனைப்போல் ஆகலாம்' என்று முடிப்பதே இவ்வகை நூல்களின் பெருங்குறை. அதனினும் தீயது, அந்நூலைப் படித்தவன் தன் அயலிலுள்ள ஏழையைப் பார்த்து, 'நீ முயலவில்லை' என்று பழிப்பது. நம் வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அடுத்த அதிகாரமாக இடுக்கணழியாமையை வைத்தார். முயன்றவனுக்கும் இடுக்கண் வரும் என்பதை அவ்வைப்புமுறையே காட்டுகின்றது என்பது என் துணிபு.

தமிழில் இவ்வகை நூலை முதன்முதல் ஆக்கியோருள் ஒருவரது வாழ்க்கையும் இதற்குச் சான்றாகும். 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908ஆம் ஆண்டிற் சிறைப்பட்டார். கோயமுத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தார். அச்சிறை வாழ்வின் இடையே, ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர் இயற்றிய சிறுநூல் ஒன்றை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். மனிதனுடைய எண்ணமே அவனுடைய நிலையை ஆக்குகின்றது என்பது அந்நூலின் கொள்கை. செக்கில் அவரைப் பூட்டியது அவருடைய எண்ணமோ? அன்று, அயலாட்சி. அதனை அவரினும் நன்கறிந்தவர் யார்? எனினும் அந்நூலையே அவர் தேர்ந்தெடுத்தார். உடல் பிறர் வசமாய்விட்டபோது, தம் வசம் எஞ்சியிருந்த மனத்தைக் காக்க அந்நூல் அவருக்குப் பயன்பட்டிருத்தல் வேண்டும். பிறரை அளக்கும் கோலாக அவர் அதனைக் கொள்ளவில்லை.

1912ஆம் ஆண்டின் இறுதியில் அவர் விடுதலை பெற்று வெளிவந்தபோது கப்பல் கம்பெனி கலைந்து போயிருந்தது. வழக்குரைஞர் தொழில் செய்யும் உரிமையும் இல்லை. சென்னையில் வறுமையோடு வாழ்ந்த நாள்களிலும் ஆலனுடைய நூல்களை அவர் விட்டாரில்லை. 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்' என்பன அந்நாளில் அச்சேறியவை.