பெரியப்பா அனுப்பும் புலனச் செய்திகள்

கேள்வி: "ரோஹிங்கியாக்களும் வங்காளதேசிகளும் நம் நாட்டைப் பிடிக்கிறார்கள், 10 பேருக்கு அனுப்புங்கள்" என்று குடும்பப் புலனக் குழுவில் பெரியப்பா தினமும் போடுகிறார். நான் பதில் சொல்லலாமா? – வாசகி, சுங்கை சோ

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் குழுவில் வேண்டாம், நேரில் போய்ப் பேசுங்கள். பத்துப் பேர் முன்னால் திருத்தினால் பெரியவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

2020 ஏப்ரலில், ரோஹிங்கியா தலைவர் ஒருவர் மலேசியக் குடியுரிமை கேட்டதாக ஒரு செய்தி பரவியது. அவர் மறுத்தார். மறுப்பு பரவவில்லை, வசைதான் பரவியது. பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அரசின் 'செபெனார்ஞா' தளத்தில் ஒரு செய்தியைத் தேடிப் பார்ப்பது எப்படி என்றும் காட்டுங்கள்.

அதோடு நிறுத்தாமல், தோட்டக் கதையையும் கேளுங்கள். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பால்மரத் தொழிலாளர்கள் பலர் வேலை இழந்தார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறிய குடும்பங்கள் உண்டு. பெரியப்பா தோட்ட லயங்களில் வளர்ந்தவர் என்றால், அவருக்கு அந்தப் பயம் கேள்விப்பட்டதாகவாவது இருக்கும். நம்மையே 'பெண்டாத்தாங்' (வந்தேறி) என்று ஏசும் பதிவைப் பார்த்தால் அவருக்குக் கொதிக்கும் அல்லவா? இன்று செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வங்காளதேசியும் கடன் வாங்கி, முகவருக்குப் பணம் கட்டி வந்தவர்தான். கூலி குறைவது பற்றிப் பெரியப்பாவுக்கு வருத்தம் இருந்தால் அது நியாயம், முழுதாகக் கேளுங்கள். அந்தக் கூலியை நிர்ணயிப்பது முதலாளி என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.