நீர் கடக்கும் வண்டியின் மூச்சுக்குழல்

மூக்கில் நீரேறினால் மனிதன் திணறுவான். வண்டியின் மூக்கில் நீரேறினாலோ அதன் எலும்பே முறியும். கரடுமுரடான நிலத்திலும் ஆற்றுத்துறையிலும் செல்லும் ஜீப் போன்ற வண்டிகளின் பக்கத்தே கூரையளவு உயர்ந்து நிற்கும் கருங்குழாயை மாணவர் பலர் கண்டிருப்பர். ‘ஸ்நோர்க்கல்’ என வழங்கும் அதனை மூச்சுக்குழல் என்று கொண்டு, அதன் இயல்பையும், நீர் புகாவண்ணம் அதனைப் பொருத்தும் முறையையும் ஈண்டு ஆராய்வோம்.

அச்சொல் ஜேர்மன் மொழிக்குரியது. குறட்டையைக் குறிக்குஞ் சொல்லோடு உறவுடையது. நீர்மூழ்கிக் கப்பலின் டீசல் இயந்திரம் நீருக்குள்ளிருந்தே வளி பெறும்பொருட்டு, ஒல்லாந்தக் கடற்படையினர் 1930களில் இத்தகைய குழாயை அமைத்தனர். 1940இல் ஒல்லாந்தைக் கைப்பற்றிய ஜேர்மனியர் அதனைத் தமதாக்கினர். 1944 யூன் 6இல் நோர்மண்டிக் கரையில் இறங்கிய நேசநாட்டுப் படைகளின் வண்டிகளிலும் வளிபுகு வாய்கள் உயர்த்தப்பட்டு, மின்கருவிகள் பசைக்கலவையால் அடைக்கப்பட்டிருந்தன.

இத்துணை முயற்சி எதன்பொருட்டு? வளி நெருங்கும், நீர் நெருங்காது. இதுவே காரணம். நான்கு உருளைகளும் 2400 கனசதமமீற்றர் கொள்ளளவும் உடைய டீசல் இயந்திரம் ஒன்றைக் கருதுக. ஒவ்வோர் உருளையிலும் முசலம் 600 கனசதமமீற்றர் இடத்தைக் கடந்து செல்லும். நெருக்கல் விகிதம் 16 ஆயின், முசலம் உச்சியை அடையும்போது எஞ்சும் இடம் 40 கனசதமமீற்றரே. மூன்று மேசைக்கரண்டி நீர் 45 கனசதமமீற்றராகும். அவ்வளவு நீர் உட்புகின், முசலம் உச்சியை அடைதற்கு இடமில்லை. சுழலும் இயந்திரத்தின் விசை முழுதும் இணைப்புத் தண்டின்மேற் சாரும். தண்டு வளையும், அன்றி முறியும். மூன்று கரண்டி நீர் ஓர் இயந்திரத்தின் உயிரைக் கவர்கின்றது.

குழலைப் பூட்டிவிட்டால் வண்டி நீருக்கு அஞ்சாது என எண்ணுதல் பெரும் பிழை. விற்கப்படும் குழல்களுட் சில தூசியையும் மழையையும் தவிர்க்கவே அமைந்தவை. இயந்திரம் வளியை உறிஞ்சும்போது குழலின் உள்ளமுக்கம் வெளியமுக்கத்திலும் குறைகின்றது. ஆகலின், நீர்மட்டத்தின் கீழுள்ள ஒரு சிறு துளையும் நீரை உள்ளிழுக்கும் வாயாகிவிடும்.

சோதிக்க வேண்டிய இடங்கள் நான்கு. முதலாவது, குழல் வண்டியின் உடலைத் துளைத்து உட்செல்லும் மூட்டு. இரண்டாவது, குழலையும் வடிகட்டிப் பெட்டியையும் இணைக்கும் றப்பர்க் குழாயின் இரு முனைகள். மூன்றாவது, அப்பெட்டியின் மூடி விளிம்பு. நான்காவது, பெட்டியின் அடியிலுள்ள வடிவாய். இந்நான்காவதையே பலர் மறப்பர். அது நீரை வெளிவிட்டு உட்புகவிடாத ஒருவழி வாயாயிருத்தல் வேண்டும். அதனை முற்றாக அடைப்பின், மழைநீர் உள்ளே தேங்குகின்றதா என அடிக்கடி திறந்து பார்த்தல் கடமையாகும்.

மூட்டுகளை முதலில் எண்ணெயும் தூசும் நீங்கத் துடைத்து, வழுவழுப்பான பரப்பை உரைதாளாற் சிறிது உரோஞ்சுக. பின்னர் உலோகத்தை அரிக்காத சிலிக்கோன் பசையை இடைவெளியின்றிப் பூசி, றப்பர்க் குழாயை வளையப்பட்டியால் இறுக்குக. துளைத்த தகட்டின் விளிம்புக்கு வண்ணம் பூசாவிடின் துருவேறும். பசை இறுகுதற்கு ஒரு நாளாயினும் விடுதல் நன்று. வடிகட்டிக்கு அப்பால், இயந்திரத்தை நோக்கிய பக்கத்தில், பசையைத் தாராளமாகப் பூசலாகாது. உதிர்ந்த துணுக்கு நேரே இயந்திரத்துட் செல்லும்.

இனிப் பரீட்சை. இயந்திரத்தை மெல்லோட்டத்தில் விட்டு, குழலின் வாயைத் தட்டையான பலகையால் மூடுக. இயந்திரம் தடுமாறி அடங்கத் தொடங்கினால் மூட்டுகள் செம்மையுடையன. உடனே பலகையை எடுத்துவிடுக. தடையின்றி ஓடுமாயின் வேறெங்கோ வளி புகுகின்றது என்க. வளி புகும் வழியே நீரும் புகும்.

வண்டிக்கு வேறு மூச்சுவாய்களும் உண்டு. ஓடிச் சூடேறிய அச்சுப் பெட்டி குளிர்நீரில் இறங்கியதும் அதனுள் வளி சுருங்கும். அப்போது எண்ணெய்த் தடுப்பின் வழியே நீர் உறிஞ்சப்படும். ஆதலின் அச்சுப் பெட்டி, கியர்ப் பெட்டி ஆகியவற்றின் மூச்சுக் குழாய்களையும் உயர்த்துதல் வேண்டும். நீரிடையே இயந்திரம் நின்றுவிடின் மீண்டும் முடுக்கற்க. கரைக்கு இழுத்து, உருளைகளைத் திறந்து, நீரை வெளியேற்றிய பின்னரே இயக்குக.

ஈற்றில் ஒன்று. மூச்சுக்குழல் இயந்திரத்தைக் காக்கும். வெள்ளத்தின் வேகத்தைத் தடுக்காது. 60 சதமமீற்றர் ஆழமான ஓடுநீர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்ல வல்லது. அவுஸ்திரேலியாவின் வடபுலத்தில், முதலைகள் வாழும் ஈஸ்ட் அலிகேற்றர் ஆற்றைக் கடக்கும் கேஹில்ஸ் துறையில், மூச்சுக்குழல் தாங்கிய வலிய வண்டிகளும் பெருக்கில் அகப்பட்டுள்ளன. பொருத்தத் தெரிந்தவன் கைவினைஞன். கரையில் நின்று நீரை அளந்து, வேண்டுமிடத்துத் திரும்பத் தெரிந்தவனே அறிஞன். கற்ற கல்வியும் அத்தகையதே. மூட்டு ஒன்று நெகிழினும் முழுதும் பழுதாகும் என்பதை நம் மாணவர் உணர்வாராக.