பின்னால் பாறை இருக்கிறதே, பயமில்லையா?

புதிய காணியில் வீடு கட்ட வருபவர்கள் பலர் முதலில் பின்பக்கத்து மலையை வெட்டி நிலத்தைச் சமப்படுத்துகிறார்கள். வெட்டிய இடத்தில் கருங்கல் தெரிந்தால், "பின்னால் பாறைதானே, மண் சரியாது" என்று ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி பாதிதான் சரி.

கல்லுடைக்கும் தொழில் தெரிந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பாறையைக் கண்ட இடத்தில் அடிக்கமாட்டார். கல்லின் ஓட்டம் பார்த்து, வரிசையாகத் துளையிட்டு ஆப்பு இறுக்குவார். பாறை நேராகப் பிளக்கும். அமுக்கினால் எவ்வளவோ பாரம் தாங்கும் கல், இழுத்துப் பிரித்தால் அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத்தான் தாங்கும். ஆப்பு செய்வது இந்தப் பிரிக்கும் வேலையே. வெடிப்புக்குள் இறங்கிய மரவேரும் இதைத்தான் செய்கிறது, ஆனால் பல வருடங்கள் எடுத்து.

நமது மலையகப் பாறைகள் 50 கோடி வருடங்களுக்கும் மேல் பழையவை. நிலத்துக்கடியில் ஆழத்தில் அமுங்கி, மடிந்து, பின்னர் மேலே வந்தவை. அதனால் அவற்றில் வெடிப்புகள் ஏராளம். ஒரே கல்லாகத் தெரியும் பாறையும் பல இடங்களில் சாய்த்து அடுக்கிய பலகைகள் போன்றதே. மேற்பலகை வழுக்காமல் நிற்பது உராய்வினால். மழைநீர் வெடிப்பை நிரப்பி, வெளியேற வழியின்றி நின்றால், மேற்பலகையைத் தூக்கப் பார்க்கும். உராய்வு குறையும். மழை விட்ட பிறகும் சில சரிவுகள் வருவது இதனால்தான். உள்ளே நின்ற நீர் உடனே வடிந்துவிடாது.

ஆகவே வெட்டுமுகத்தில் வெடிப்புகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். மலைக்குள் சாய்ந்திருந்தால் ஆபத்து குறைவு, ஆனாலும் கற்கள் கழன்று விழலாம். உங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால், அடியை வெட்டுவது பலகைகளுக்குக் கொடுத்த முட்டை எடுப்பதற்குச் சமம். ஒரே மலையின் இரண்டு பக்கங்களும் ஒன்றல்ல. பக்கத்து வீட்டார் பத்தடி வெட்டினார், ஒன்றும் நடக்கவில்லை என்பது உங்களுக்கு அளவுகோல் ஆகாது. வெட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைப் பெறுங்கள். வழி தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

பாறைக்கு மேலே கிடக்கும் மண்ணுக்கும் உருண்டைக் கற்களுக்கும் இதே கணக்குத்தான், இன்னும் விரைவாக. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகளைப் புதைத்தது கனமழையில் ஊறிய அத்தகைய மண்தான்.

நிலத்தில் வெடிப்பைக் கண்டால் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியை அளந்து, திகதியோடு எழுதி வையுங்கள். மழைநீர் இறங்காதபடி வெடிப்பைக் களிமண்ணால் மூடுங்கள். மேலேயுள்ள கான்களைத் துப்புரவாக வைத்திருங்கள். இடைவெளி அகன்றாலோ, கதவுநிலை இறுகினாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, புதிதாக ஊற்றுக் கிளம்பினாலோ, ஊற்றுநீர் கலங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

நேரான பக்கமுள்ள ஒரு டின்னை வெளியில் வைத்தால் மழையை நீங்களே அளக்கலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் சேர்ந்தால் விழிப்பாக இருங்கள். 100 ஆனால் பிள்ளைகளையும் முதியவர்களையும் ஆயத்தப்படுத்துங்கள். 150 ஆனால் வெளியேறுங்கள், இரவானாலும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.