இரண்டரை மில்லிவோல்ற்

அன்புள்ள பிள்ளைக்கு,

உமது கடிதம் கிடைத்தது. கிழமை நாள்களில் வவுனியாவில் தண்ணீர் மாதிரிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சனி ஞாயிறில் பேராதனைக்குப் போய்ப் பகுப்பாய்வு இரசாயனத்தில் முதுமாணி படிக்கலாமா என்று கேட்டிருந்தீர். வீட்டில் “இருக்கிற உத்தியோகம் காணாதோ” என்கிறார்களாம், கந்தோரில் “பதவி உயர்வுக்கு உதவும், படியும்” என்கிறார்களாம். இரண்டு பேச்சையும் கொஞ்சம் தள்ளி வைப்போம்.

பட்டம் இருந்தால்தான் கருவி கைவசப்படும் என்று நான் சொல்லமாட்டேன். 2002இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்ற கொய்ச்சி தனாகா, ஷிமாட்சு நிறுவனத்தில் வேலை பார்த்த மின்பொறியியலாளர். அவரிடம் இருந்தது முதற்பட்டம் மட்டுமே. ஆனால் அவர் இருந்தது கருவியைச் செய்கிற இடத்தில், நீர் இருப்பது கருவியைப் பாவிக்கிற இடத்தில். இங்கே யாரும் மூடியைத் திறந்து காட்டமாட்டார்கள். திரையில் ஓர் எண் வரும், பதிவேட்டில் எழுதுவீர், கையொப்பம் இடுவீர். அந்த எண்ணை எப்போது நம்பக்கூடாது என்று அறிவதற்குத்தான் இந்தப் படிப்பு. வேறெந்தக் காரணமும் அந்த ஏ9 வீதி பஸ் பயணத்துக்குக் கட்டாது.

நீர் அன்றாடம் தொடும் புளோரைட்டு மின்வாயையே எடுத்துக்கொள்ளும். 1966இல் ஃபிரான்ற், றொஸ் என்ற இருவர் அமெரிக்காவில் அறிமுகம் செய்தது அது. நுனியில் இருப்பது யூரோப்பியம் சிறிதளவு கலந்த இலந்தனம் புளோரைட்டுப் பளிங்கு. கரைசலில் புளோரைட்டின் செறிவு பத்து மடங்கு கூடினால், 25 பாகை செல்சியசில் மின்னழுத்தம் ஏறக்குறைய 59 மில்லிவோல்ற் இறங்கும். இவ்வளவும் கைந்நூலில் இருக்கிறது, உமக்கும் தெரியும். கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோய்ப் பாரும். எங்கள் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614 புளோரைட்டுக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 1.0 மில்லிகிராம். ஒரு கிணற்றுக்கு 0.95, பக்கத்து வளவுக் கிணற்றுக்கு 1.05 என்று வந்தால் முதலாவது தேறும், மற்றது தவறும். இரண்டுக்கும் நடுவில் மின்வாய் காணும் வித்தியாசம் இரண்டரை மில்லிவோல்ற்தான். ஒரு மில்லிவோல்ற் பிசகினாலே செறிவு நூற்றுக்கு நான்கு பிசகிவிடும்.

இனி, உமது மேசையில் அந்த இரண்டரையைத் தின்னக்கூடியவை எத்தனை என்று எண்ணிப் பாரும். காந்தக் கலக்கியின் மோட்டார் சூடேறி முகவையை வெதுவெதுப்பாக்கும். நியமக் கரைசலைக் காலைக் குளிரிலும் மாதிரியை மத்தியான வெக்கையிலும் அளந்தால், ஒன்றுக்குப் போட்ட அளவுத்திருத்தக் கோடு மற்றதற்குப் பொருந்தாது. செறிவு குறைந்த கரைசலில் மின்வாய் மெதுவாகத்தான் அடங்கும். பின்னேரம் மூன்றரைக்குப் போத்தல்கள் வரிசையில் நிற்கும்போது அதுவரை பொறுக்க யாருக்கு மனம் வரும்? அலுமினியமும் இரும்பும் புளோரைட்டைப் பிடித்து வைத்திருக்கும்; அதை விடுவிக்கத்தான் ரைசாப் கரைசலைச் சம அளவில் ஊற்றுகிறீர். அது பிஎச்சை 5க்கும் 5.5க்கும் இடையில் நிறுத்துவதும் சும்மா அல்ல. அமிலம் மிஞ்சினால் புளோரைட்டு ஐதரசனோடு சேர்ந்து மின்வாய்க்குத் தெரியாமற் போகும். காரம் மிஞ்சினால் ஐதரொட்சைட்டு அயனையும் புளோரைட்டு என்று மின்வாய் கணக்கில் எடுத்துவிடும். முழுநேர மாணவருக்கு இந்தக் கேள்விகள் வினாத்தாளில் வரும். உமக்குத் திங்கட்கிழமை காலையில் வரும். அதனால்தான் பகுதிநேரமாகப் படிப்பதை ஒரு குறைபாடாக நான் கருதுவதில்லை.

இன்னொன்று. இலத்திரனியலைப் பொறியியற் பிள்ளைகளின் பாடம் என்று தட்டிக்கழிக்கும் பழக்கம் எங்கள் இரசாயனக்காரரிடம் உண்டு. கெட்ட பழக்கம். ஆர்னல்ட் பெக்மன் 1934இல் பிஎச் மானியை உருவாக்கியது, கலிபோர்னியாவில் எலுமிச்சம்பழச் சாற்றின் அமிலத்தன்மையை ஒழுங்காக அளக்க முடியாமல் தவித்த நண்பர் ஒருவருக்காக. கண்ணாடி மின்வாயின் தடை மிகப் பெரிது. சாதாரண மானியைத் தொடுத்தால் அது இழுக்கும் சிறு மின்னோட்டமே அளக்கவந்த அழுத்தத்தை விழுத்திவிடும். வெற்றிடக் குழாய் விரியலாக்கி ஒன்றைச் சேர்த்து அந்தச் சிக்கலை அவர் தீர்த்தார். மாரி காலத்தில் உமது கேபிள் முனையில் ஈரம் படியும்போது வாசிப்பு நிலைகொள்ளாமல் நகர்கிறதே, அங்கேயும் அதே கதைதான்: ஈரத்தின் வழியே மின்னோட்டம் கசிகிறது. மின்வாயைக் குறை சொல்லிப் புதியது கேட்டு எழுதுமுன், முனையைத் துடைத்து உலர்த்திப் பாரும். கருவியியல் விரிவுரையில் இதைத்தான் சமன்பாடாகப் போடுவார்கள். நீர் அதைக் கையால் தெரிந்துகொண்டு போனால் சமன்பாடு உடனே பேசும்.

உமது வேலை சின்ன வேலை என்று எழுதியிருந்தீர். வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த நாட்பட்ட சிறுநீரக நோயை நினைத்துப் பாரும். அந்தப் பகுதிக் குளங்களின் நீரில் கட்மியம் மிகுந்திருக்கிறது என்று 2008இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் வேறு குழுக்கள் அளந்தபோது தண்ணீரில் அந்த அளவு காணப்படவில்லை. கட்மியம் போன்றவற்றின் சுவடு அளவுகளில் போத்தலும் அமிலமும் தூசியும்கூடப் பொய் சொல்லும். வெற்றுமாதிரி என்ன காட்டியது என்பதே அங்கே முதற் கேள்வி. அந்த நோயின் காரணம் இன்றைக்கும் தீர்ந்த விடயமல்ல. புளோரைட்டும் நீரின் வன்மையும் இன்னும் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. அப்படியானால் வன்னிக் கிணறுகளின் புளோரைட்டைப் பிசகில்லாமல் அளப்பது எப்படிச் சின்ன வேலையாகும்?

படிப்பு விடயத்துக்கு வருகிறேன். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறியோடு மட்டும் முடியும் முதுமாணி 9ஆம் மட்டம், 30 திறமைப் புள்ளிகள். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 புள்ளிகள். இழுபட்டாலும் இரண்டாவதையே எடும். தலைப்பு சின்னதாக இருக்கட்டும். ஒரே கிணறுகளின் நீரை உமது மின்வாயாலும் அயன் நிறப்பகுப்பியல் கருவியாலும் அளந்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது, ஏன் என்று பாரும். காத்திருக்கும் நேரத்தையும் வெப்பநிலையையும் மாற்றி மாற்றி அளந்து, அளவீட்டு நிச்சயமின்மைக்கு ஓர் ஒழுங்கான கணக்குப் போடும். கேட்பதற்குப் பகட்டாக இராது. ஆனால் உமது கூடம் நாளைக்கு ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரத்துக்குப் போனால், மதிப்பீட்டாளர் முதலில் கேட்கப்போகும் கணக்குகளில் இதுவும் ஒன்று. புள்ளிவிபரவியல் விரிவுரை ஒன்றையும் தவறவிடாதேயும். அதற்காக ஒரு கலியாண வீட்டைத் தவறவிட்டாலும் பரவாயில்லை.

ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறீர் போலிருக்கிறது. உமது மானியின் கைந்நூலை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசியும். விரிவுரைக்கு வேண்டிய சொற்களில் பாதி அதற்குள் கிடைக்கும். மற்றது, களைப்பு. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. சனிக்கிழமை இரவு கண்டியில் தங்க ஓர் அறையைக் கூடப் படிக்கும் பிள்ளைகளோடு பங்கு போடும். காசு பார்த்து ஒவ்வொரு நாளும் போய்வர நினைத்தால் நின்றுவிடுவீர்.

பதவி உயர்வு பற்றி ஒரே வார்த்தை: இந்தப் பட்டம் கணக்கில் எடுக்கப்படுமா என்று உமது சேவைப் பிரமாணக் குறிப்பில் நீரே பாரும். கந்தோர்க் கதையை நம்பிக் கட்டணம் கட்டவேண்டாம்.

விண்ணப்பத்தை முடிவுத் திகதிக்கு முன்னரே அனுப்பிவிடும். அதற்கு முன், கிணற்றுத் தரவுகளை ஆய்வுக்குப் பயன்படுத்தும் அனுமதியைப் பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் வாங்கும். சொந்தக்காரரின் பெயர்களை நீக்கிவிடுவதாக அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடும். வாயால் தந்த அனுமதி, அவர் இடமாற்றம் பெற்றுப் போகிற அன்றைக்கே போய்விடும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு பகுப்பாய்வாளர்