திரட்டுக்கள் தோன்றுவதேன்?

மேனாட்டு இசைக்குழுவினர் தம் பழம்பாடல்களுள் பெயர்பெற்றனவற்றை ஓர் இசைத்தட்டில் தொகுத்து மீண்டும் வெளியிடுவர். ஈகிள்ஸ் குழுவினர்க்கு 1976-இல் வெளிவந்த அத்தகைய தட்டு, அமெரிக்காவில் மிகுதியாக விற்றவற்றுள் ஒன்று. இதனை வெறும் வாணிகமென்று இகழ்வார் உளர். யாம் முற்றும் இகழோம். நம் சோழவளநாட்டிலும் இவ்வழக்கு உண்டாகலின்.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கையும் மத்தளமும் முழக்க இருவரையும் முதலாம் இராசராசன் நியமித்தான். ஒவ்வொருவர்க்கும் நாடோறும் முக்குறுணி நெல் அளந்தான் என்று கல்வெட்டுக் கூறும். காவிரி நெல்லுண்டு பாடுவார் இத்துணையர் உளராயின், மூவர் பாடிய ஏறத்தாழ 800 பதிகங்களும் வழக்கில் நிற்றல் கூடும். தனியொருவர் என் செய்வார்? நாடோறும் அனைத்தும் ஓத மாட்டாது வருந்திய சிவாலய முனிவர்க்கு, அகத்தியர் 25 பதிகங்களைத் தேர்ந்து எட்டுத் தலைப்பில் வகுத்தளித்தனர் என்பது செவிவழி வரலாறு. அதுவே அகத்தியர் தேவாரத் திரட்டு. ஓதுவார்க்குப் பொழுது சுருங்கியவிடத்தே திரட்டுத் தோன்றுமென்பது இதனாற் பெறப்படும்.

எனினும் எமக்கு ஓர் அச்சம் உண்டு. திரட்டினுட் புகாத பாட்டு, பாடுவார் நாவினுட் புகுதல் அரிது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இயற்றிய கீர்த்தனங்கள் மிகப்பல. எமது ஞானப்பாட்டுப் புத்தகத்தில் ஏறியன சிலவே. அச்சிலவற்றை யாம் புத்தகம் பாராமலே பாடுகின்றோம். ஏனையவற்றின் முதலடியையும் எம்முட் பலர் அறியோம்.