பெயர் எழுதிய கேக்

மும்பையின் கிழக்குப் பக்கம் டிராம்பே இருக்கிறது. அங்கேதான் சீத்தா கேம்ப். தமிழர்கள் நிறைய வாழும் இடம் அது. மலையாளிகளும் வட நாட்டவர்களும் மராத்தியர்களும் உண்டு.

இந்த மக்கள் முன்பு ஜனதா காலனியில் இருந்தார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பக்கத்தில் இருந்த குடியிருப்பு அது. 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், அந்தக் காலனி அகற்றப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் ஒரு சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டார்கள். அந்தச் சதுப்பு நிலம்தான் சீத்தா கேம்ப் ஆனது. கிடைத்தது சின்னச் சின்ன மனைகள். சமைப்பதும் படுப்பதும் பிள்ளைகள் படிப்பதும் ஒரே அறையில்தான்.

பொங்கலுக்குப் பொங்கல். ரம்ஜானுக்கு பிரியாணி. கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக். ஆனால் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் எல்லா வீட்டிலும் கேக்தான் கேட்கிறார்கள். கடையில் ஒரு கிலோ கேக்கின் விலையைக் கேட்டுவிட்டு அரைக் கிலோவோடு திரும்பும் தாய்மார்கள் பலர். "நாமே செய்தால் என்ன?" என்று அவர்களில் ஒருவருக்குத் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவரை அக்கா என்றே அழைப்போம். அக்கா இரவுப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றவர். கேக் செய்யத் தெரியாது. ஆசை மட்டும் இருக்கிறது.

ஆசை போதுமா?

தலச்சேரியில் ஒரு கேக்

கேரளத்தில் தலச்சேரி என்ற ஊர் உண்டு. அங்கே மம்பள்ளி பாபு என்பவர் பிஸ்கட் செய்து விற்றார். பர்மாவில் அந்தத் தொழிலைக் கற்றவர் அவர். ஊர் திரும்பி, 1880-இல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி என்று ஒரு கடை தொடங்கினார்.

1883-இல் கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கடைக்கு வந்தார். கையில் இங்கிலாந்தில் செய்த ஒரு கேக். "இதே மாதிரி செய்ய முடியுமா?" என்று கேட்டார். பாபு அதுவரை கேக் செய்தது இல்லை. வாயில் போட்டுப் பார்த்தார். செய்முறையைக் கேட்டுக்கொண்டார். தர்மடத்தில் ஒரு கொல்லரிடம் அச்சுப் பாத்திரம் செய்து வாங்கினார். பிரெஞ்சு பிராந்தி சேர்க்கும்படி பிரவுன் சொல்லியிருந்தார். பாபு அதற்குப் பதிலாக முந்திரிப் பழத்திலும் கதலிப் பழத்திலும் செய்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார். பிரவுனுக்குச் சுவை பிடித்துவிட்டது. இன்னும் ஒரு டஜன் வேண்டும் என்றார். இந்தியாவில் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் இதுதான் என்று தலச்சேரிக்காரர்கள் பெருமையோடு சொல்கிறார்கள்.

பாபுவும் அன்று கேக்குக்குப் புதியவர்தான். ஆனால் அளவு பார்க்கவும் அடுப்பின் சூடு பார்க்கவும் பிஸ்கட் தொழிலில் பழகியிருந்தார். அக்கா இப்போது பழக வேண்டியதும் அதைத்தான்.

ஒரே ஓர் எண்

குழம்புக்கு உப்பு கூடினால் தண்ணீர் சேர்க்கலாம். கேக்கை அடுப்பில் வைத்த பிறகு எதையும் சேர்க்க முடியாது. அதனால் தராசு வேண்டும். கண்ணளவு உதவாது.

மேலை நாடுகளில் பவுண்டு கேக் என்று ஒன்று உண்டு. மாவு ஒரு பவுண்டு, வெண்ணெய் ஒரு பவுண்டு, சர்க்கரை ஒரு பவுண்டு, முட்டை ஒரு பவுண்டு. பெயர் வந்த காரணம் அதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய கணக்கு. நான்கும் சம எடை!

நம் வீட்டுக்கு 200 கிராம் போதும். மைதா 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், முட்டை 4. ஓடு நீங்கலாக ஒரு முட்டை சுமார் 50 கிராம் இருக்கும். அப்படியென்றால் நான்கு முட்டை 200 கிராம். இதோடு பேக்கிங் பவுடர் 2 சிறு கரண்டி, தலை தட்டி அளந்தது.

முதலில் மைதாவையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்து மூன்று முறை சலிக்க வேண்டும். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடிக்க வேண்டும். கை வலிக்கும். ஆனால் அடிக்க அடிக்கக் காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்றுதான் கேக்கைத் தூக்குகிறது. பிறகு முட்டையை ஒவ்வொன்றாக ஊற்றி அடிக்க வேண்டும். நான்கையும் ஒன்றாகக் கொட்டினால் கலவை திரிந்து போகும்.

கடைசியில் மைதா. இங்கேதான் கை வேகத்தைக் குறைக்க வேண்டும். சப்பாத்தி மாவைப் பிசையப் பிசைய இழுவை வரும் அல்லவா? மைதாவிலும் அப்படியே. மைதா போட்ட பிறகு அதிகம் அடித்தால் கேக் ரப்பர் போல ஆகிவிடும். அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலந்தால் போதும்.

பேக்கிங் பவுடருக்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அதனால் ஈஸ்ட் இல்லாமல் மாவு உப்புவதற்காக 1843-இல் அவர் செய்த பொடி அது. ஈரம் பட்டால் அந்தப் பொடியிலிருந்து வாயு வரும். மும்பை மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்திலேயே பொடி வீணாகிவிடும். ஒரு கரண்டி வெந்நீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் நல்லது. சும்மா கரைந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஓவன் இல்லாத வீட்டில்

கனமான பழைய பாத்திரம் ஒன்று போதும். அடியில் இரண்டு டம்ளர் உப்பைப் பரப்ப வேண்டும். மேலே ஒரு வளையம். மூடி வைத்துப் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். பிறகு கேக் தட்டை உள்ளே வைத்து, தீயைக் குறைத்து, மூடிவிட வேண்டும். பிரஷர் குக்கரில் செய்தால் ரப்பர் வளையத்தையும் விசிலையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆபத்து.

இந்த முறைக்கு 6 அங்குல வட்டத் தட்டுதான் சரி. அதற்கு மேலே சொன்னதில் பாதி மாவு போதும். அதாவது எல்லாம் 100 கிராம், முட்டை 2. ஓவன் இருந்தால் 8 அங்குலத் தட்டில் முழு அளவும் போடலாம். 170 டிகிரி சூட்டில் முக்கால் மணி நேரம் ஆகும்.

இரண்டு அங்குலம்தானே கூடுதல், மாவு எப்படி இரண்டு மடங்கு ஆகும் என்று அக்கா கேட்கலாம். நல்ல கேள்வி. 6-ஐ 6-ஆல் பெருக்கினால் 36. 8-ஐ 8-ஆல் பெருக்கினால் 64. வட்டத் தட்டு இந்தக் கணக்கில்தான் பெரிதாகிறது. 12 அங்குலத் தட்டுக்கு 6 அங்குலத் தட்டைப் போல நான்கு மடங்கு மாவு வேண்டும். இது தெரியாமல் விலை பேசினால் நட்டம்தான்.

முதல் கேக் நடுவில் குழிந்து போகலாம். அழ வேண்டாம். காரணம் தேட வேண்டும். வெந்துவிட்டதா என்று பாதியில் மூடியைத் திறந்தால் சூடு இறங்கிக் கேக் அமுங்கும். பேக்கிங் பவுடர் அதிகமானாலும் குழியும். வேகாமல் எடுத்தாலும் குழியும். நாற்பது நிமிடம் வரை திறக்கவே கூடாது. பிறகு ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். ஈர மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

குழிந்த கேக் வீணில்லை. வெட்டிப் பாலில் நனைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிடும். ஆனால் அன்று என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தேதி, அளவு, நேரம், குறை. நான்கு வரி போதும். பத்துக் கேக் ஆன பிறகு அந்த நோட்டு கடையில் விற்கும் எந்தப் புத்தகத்தையும் விட உதவும். ஏனென்றால் அது அக்காவின் அடுப்பை அறிந்த நோட்டு.

அலங்காரம்

இங்கேதான் ஆசை பித்தாக மாறுகிறது. பூ வைக்கத் தெரிந்ததும் இலை வைக்கத் தோன்றும். பெங்களூரில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கேக் கண்காட்சி நடக்கிறது. 1970-களில் தொடங்கியது. சர்க்கரையால் ஆள் உயரத்துக்கு மேல் கோட்டையும் மாளிகையும் கட்டி வைக்கிறார்கள். காசு கொடுத்து வரிசையில் நின்று பார்க்கிறார்கள். அது பெரிய பேக்கரிகளின் வேலை. அக்காவுக்கு ஒரு ரோஜாப்பூ போதும், இப்போதைக்கு.

150 கிராம் வெண்ணெய்க்கு 300 கிராம் ஐசிங் சர்க்கரை. நன்றாக அடித்தால் ஐசிங் தயார். கேக் முழுதும் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் எல்லாம் வழிந்துவிடும். முதலில் மெல்லிய பூச்சு ஒன்று பூசிக் குளிரில் வைக்க வேண்டும். உதிரும் தூள் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டாவது பூச்சு. சுவருக்கு பிரைமர் அடித்துவிட்டு பெயிண்ட் அடிப்பது போலத்தான்.

மும்பை வெயிலில் வெண்ணெய் இளகிவிடும். மே மாதம் பகலில் ஐசிங் வேலை வேண்டாம். விடியற்காலையில் செய்வது நல்லது.

நிறத்தில் மிகவும் கவனம் வேண்டும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனை தடை செய்யப்பட்டது. காரணம் ரோடமைன்-பி என்ற சாயம். துணிக்குப் போடும் சாயம் அது. பார்க்க அழகான ரோஸ் நிறம். உடம்புக்குக் கேடு. சந்தையில் பொட்டலமாகக் கிடைக்கும் பெயரில்லாத வண்ணப் பொடியை வாங்கவே கூடாது. உணவுக்கான நிறம் என்று அச்சிட்ட, உரிமம் எண் உள்ள சீசாவை மட்டும் வாங்க வேண்டும். அதிலும் ஒரு துளிதான். சீசாவில் உள்ளதைப் படிக்க இப்போது அக்காவுக்குத் தெரியும் அல்லவா?

பெயர்

எல்லாவற்றிலும் கடினம் பெயர் எழுதுவது. பூ கோணலாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பெயரில் ஓர் எழுத்து தவறினால் வீடே பேசும். வருடம் கழித்தும் போட்டோவில் அந்தத் தவறு இருக்கும்.

பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுற்றி, நுனியைச் சிறிதாக வெட்ட வேண்டும். உருக்கிய சாக்லேட்டை உள்ளே ஊற்ற வேண்டும். முதலில் எவர்சில்வர் தட்டில் எழுதிப் பழகலாம். எழுதியதை வழித்து எடுத்து, மறுபடி உருக்கி, மறுபடி எழுதலாம். செலவே இல்லை. சிலேட்டில் எழுதிய கை இதற்குச் சீக்கிரம் பழகும். தமிழ் எழுத்துகள் வளைந்து ஓடுவதால் சாக்லேட்டுக்குத் தோதானவை. 'இ' என்ற எழுத்துதான் கொஞ்சம் படுத்தும். உருது எழுத வேண்டுமானால் வலப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

"பேர் என்ன?"

"பாத்திமா, அக்கா."

"பாத்திமாவா, ஃபாத்திமாவா? நீங்களே இந்தச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்."

இந்தச் சீட்டு முக்கியம். எழுதத் தெரியாத தாயாக இருந்தால் பிள்ளையின் பள்ளி நோட்டைக் கொண்டுவரச் சொல்லலாம். எழுதும் முன் எழுத்துகளை எண்ண வேண்டும். நடு எழுத்து எது என்று பார்த்து, கேக்கின் நடுவில் ஊசியால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 'பிறந்தநாள்' என்பதில் 'ள்' தட்டுக்கு வெளியே போகும். 'வாழ்த்துகள்' என்பதற்கு நடுவில் 'க்' வராது என்பார்கள் இலக்கணம் அறிந்தவர்கள். கேட்பவர் 'வாழ்த்துக்கள்' என்று சீட்டில் எழுதித் தந்தால்? பணம் தருபவர் அவர். ஒரு முறை சொல்லிப் பார்க்கலாம்.

விற்கும் முன்

"நீங்களே செய்ததா? எங்களுக்கும் ஒன்று போட்டுத் தாருங்களேன்" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அப்போது சில கேள்விகள் வரும். முட்டை போடலாமா, கூடாதா? சீத்தா கேம்ப்பில் பல மதத்தவர் வாழ்கிறார்கள். சிலர் முட்டை வேண்டாம் என்பார்கள். முஸ்லிம் வீடுகளில் ரம்மும், பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினும் ஆகாது. முன்கூட்டியே கேட்டுக்கொள்வதுதான் மரியாதை.

விலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாமான் செலவு 400 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 450-க்கு விற்று 50 லாபம் என்று நினைக்கிறார்கள். கேஸ் எங்கே? அட்டைப் பெட்டி எங்கே? அடியில் வைக்கும் பலகை, ஆட்டோ கூலி எங்கே? மூன்று மணி நேர உழைப்புக்குக் கூலி எங்கே? எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினால் 450 போதாது என்று தெரியும். "என்ன அக்கா, தெரிந்தவர்களுக்கும் இந்த விலையா?" என்பார்கள். நோட்டைக் காட்டலாம்.

விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் செய்பவர்களுக்கும் இது உண்டு. 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். அதைப் பெட்டியில் அச்சிட வேண்டும்.

ஓவன் வாங்கப் பணம்? வட்டிக்காரரிடம் போக வேண்டாம். மும்பை பைகுல்லாவில் நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் 1986-இல் மகிளா மிலன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நாள்தோறும் முடிந்த அளவு சிறு தொகை சேர்த்தார்கள். ஜனதா காலனியைக் காக்கப் போராடிய தமிழர் ஜோக்கின் அற்புதம் அந்த அமைப்புக்குத் துணையாக நின்றார். நாலு பெண்கள் சேர்ந்தால் இன்றும் அப்படிச் சேர்க்கலாம். ஒரு ஓவனை நாலு பேர் முறை வைத்துப் பயன்படுத்தலாம். ஒரு கேக்குக்கு ஓர் யூனிட், மிஞ்சினால் ஒன்றரை யூனிட் மின்சாரம் ஆகும்.

பயிற்சிக்கு ஜன சிக்ஷன் சன்ஸ்தான் உண்டு. முன்பு அதன் பெயர் சிரமிக் வித்யாபீடம். நாட்டிலேயே முதல் வித்யாபீடம் 1967-இல் மும்பையில்தான் தொடங்கியது. படிக்காதவர்களுக்கும் புதிதாகப் படித்தவர்களுக்கும் தொழில் கற்றுத் தருவதுதான் அதன் வேலை. பேக்கரி வகுப்பு இருக்கிறதா என்று நேரில் போய்க் கேட்க வேண்டும்.

கடைசியாக, கேக்கைக் கொண்டுபோவது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. மடி சாயும், கேக்கும் சாயும். ஆட்டோவின் தரையில் ஈரத் துணி விரித்து, அதன் மேல் பெட்டியைச் சமமாக வைக்க வேண்டும். பெட்டி வழுக்காது. ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொல்ல வேண்டும். வீட்டில் இறக்கியதும் பெட்டியைத் திறந்து, பெயரை ஒரு முறை அந்தத் தாயிடம் காட்டிவிட்டு, மீதிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.