மதிப்பு இறங்கியது, வரி ஏறியது!

கேள்வி: ஆக்லாந்தில் என் மகன் வீட்டின் மதிப்பைக் குறைத்துக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. ஆனால் வரி மட்டும் ஏறியிருக்கிறது. கணக்கில் தப்பா? – வாசகி, கும்பகோணம்

தப்பில்லை அம்மா. நியூசிலாந்தின் ‘ரேட்ஸ்’ வரி, கல்யாணச் செலவைப் பங்காளிகள் பிரித்துக்கொள்வது மாதிரி. மொத்தச் செலவு முதலில் முடிவாகும். யார் தலையில் எவ்வளவு என்பது பிறகுதான். ஜூலை 1-இல் தொடங்கும் ஆண்டுக்கு எவ்வளவு வரி வேண்டும் என்று கவுன்சில் பட்ஜெட்டில் தீர்மானிக்கிறது. அதில் பெரும்பகுதியைச் சொத்துகளின் மதிப்பு விகிதப்படி பங்கிடுகிறது. எல்லார் மதிப்பும் ஒரே அளவில் இறங்கினால் எவர் பங்கும் மாறாது.

2025-இல் வெளியான மறுமதிப்பீட்டில் ஆக்லாந்து வீடுகளின் மதிப்பு சராசரியாக 9% சரிந்தது. அதே ஆண்டு சராசரி மதிப்புள்ள வீட்டுக்கு வரி 5.8% உயர்ந்தது!

மகன் பார்க்க வேண்டியது அந்த 9-ஐத்தான். அவர் வீடு அதைவிட அதிகம் சரிந்திருந்தால் பங்கு குறையும். குறைவாகச் சரிந்திருந்தால் கூடும். (இது போக, சிறு வீடோ பங்களாவோ, எல்லாருக்கும் ஒரே தொகையாக ஒரு கட்டணமும் உண்டு. இத்தகைய சமக் கட்டணங்கள் மொத்த வரி வருவாயில் 30%-ஐத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.)

மதிப்பே தவறு என்றால், கடிதத்தில் உள்ள கெடுவுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வரி அதிகம் என்ற வாதம் அங்கே எடுபடாது. அதை பட்ஜெட்டுக்குக் கருத்துக் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும்.